வினாவின் கடைசி எழுத்தும் கேட்போர் மனமும்

தமிழில் 'கேள்' என்னும் வினையடி இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. வினா எழுப்புவதும் கேட்பதுதான், எழுந்த வினாவுக்குச் செவிகொடுப்பதும் கேட்பதுதான். வினாவைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் எழுப்புபவரின் பக்கத்திலிருந்தே நடந்துவந்திருக்க, செவிகொடுப்பவரின் மனத்தில் அந்தச் சில நொடிப்பொழுதுக்குள் என்ன நிகழ்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள் என்பதால், எழுப்புபவரை வினவுவோர் என்றும் செவிகொடுப்பவரைக் கேட்போர் என்றும் இக்கட்டுரை பிரித்து வழங்கும். வினாக்களிலும் 'யார்', 'எங்கே', 'ஏன்' போன்றவை விலக்கப்பட்டு, 'மழை பெய்கிறதா?' என்பது போல ஆம் என்றோ இல்லை என்றோ முடிவு சொல்லிவிடத்தக்க வினா மட்டுமே கொள்ளப்படும். இது ஆம்–இல்லை வினா எனப்படும்.

இவ்வகை வினா மிக எளியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இரண்டு விடைகள் முன்னே வைக்கப்பட்டிருக்கின்றன, கேட்போர் அவற்றுள் ஒன்றை எடுக்கிறார், வேலை முடிந்தது என்பது அந்த எண்ணம். தருக்கவியலும் ஏறத்தாழ இப்படித்தான் சொல்லுகிறது. ஒரு வினாவின் பொருள் அதற்குரிய விடைகளின் தொகுதியே என்ற கருத்தை 1958இலும் பின்னர் விரிவாக 1973இலும் முன்வைத்த ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் சார்லஸ் ஹாம்ப்ளினின் வழியில் பார்த்தால், 'மழை பெய்கிறதா?' என்பதன் பொருள் 'மழை பெய்கிறது', 'மழை பெய்யவில்லை' என்னும் இரண்டு கூற்றுகளைக் கொண்ட ஒரு சிறு தொகுதி, 'மழை பெய்யவில்லையா?' என்பதன் பொருளும் அதே தொகுதிதான். ஆனால் தமிழ் பேசும் எவரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கேட்பதில்லை. முதலாவதைக் கேட்டவர் வானத்தைப் பார்க்கிறார். இரண்டாவதைக் கேட்டவரோ வினவியவரின் முகத்தையும் பார்க்கிறார், ஏனெனில் மழையை எதிர்பார்த்திருந்தவர் எழுப்பிய வினா அது என்பதும், அந்த எதிர்பார்ப்பு பொய்த்ததோ என்ற ஐயம் அதில் கலந்திருப்பதும் அவருக்குச் சேர்ந்தே கேட்கின்றன. தருக்கத்தின் தராசில் சமமாக நிற்கும் இரண்டு தட்டுகள் கேட்போர் மனத்தில் சமமாக நிற்பதில்லை. ஆம்–இல்லை வினா எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே செவியை அடைகிறது, அந்தச் சாய்வை அளப்பதே கேட்போரின் முதல் வேலை.

சாய்வு எங்கே இருக்கிறது என்று காட்டுவதில் மொழிகள் வேறுபடுகின்றன. உலக மொழிகளின் அமைப்பு வரைபடத் தொகுப்பில் மேத்யூ டிரையர் ஆராய்ந்த 955 மொழிகளுள் 585 மொழிகள் தனி வினாச்சொல்லுருபாலும், 164 மொழிகள் வினைச்சொல்லில் சேரும் உருபாலும், 173 மொழிகள் குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமேயும் இவ்வினாவை உணர்த்துகின்றன. ஆங்கிலத்தைப் போலச் சொல்வரிசையை மாற்றி உணர்த்துபவை வெறும் 13. ஆங்கிலத்தை அளவுகோலாகக் கொண்டு வினாவின் உளவியலைப் பேசுவது எவ்வளவு குறுகிய சாளரத்தின் வழியாகப் பார்ப்பது என்பதை இந்த எண்ணே காட்டிவிடும். தமிழின் வழி வேறு. வினா எழுத்துகளாக எ, யா, ஆ, ஓ, ஏ என ஐந்தைச் சொல்லும் நன்னூல், ஆகாரமும் ஓகாரமும் சொல்லின் இறுதியில் நின்று வினாப்பொருள் தருபவை என்று வகுக்கிறது. இன்றைய பேச்சில் ஆம்–இல்லை வினாவின் சுமையில் பெரும்பகுதியை அந்த ஆகாரமே தாங்குகிறது.

அந்த ஆகாரம் வாக்கியத்தில் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை என்பதுதான் கேட்போர்க்கு அது செய்யும் பேருதவி. 'குமார் நேற்று மதுரைக்குப் போனானா?' என்றால் நிகழ்ச்சி முழுவதும் ஐயத்துக்கு உரியது. 'குமாரா நேற்று மதுரைக்குப் போனான்?' என்றால் யாரோ ஒருவர் போனது முடிந்த செய்தி, போனவர் குமார்தானா என்பது மட்டுமே கேள்வி. 'குமார் மதுரைக்குப் போனது நேற்றா?' என்றால் நாள் மட்டும், 'குமார் நேற்றுப் போனது மதுரைக்கா?' என்றால் ஊர் மட்டும். ஆகாரம் ஏறிய சொல்லைத் தவிர்த்த ஏனைய அனைத்தும் இருவரும் ஏற்றுக்கொண்ட செய்திகளாகக் கேட்போர் மனத்தில் தாமே ஒதுங்கிவிடுகின்றன. நினைவைத் துழாவ வேண்டிய இடம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. இதன் விளைவு விடையில் வெளிப்படையாகத் தெரியும். 'மதுரைக்கா?' என்ற வினாவுக்கு வெறும் 'இல்லை' என்று நிறுத்திக்கொள்பவர் பாதி விடை சொன்னவராகவே தோன்றுவார். 'இல்லை, திருச்சிக்கு' என்று முடித்தால்தான் அந்த வினா அடங்கும். ஆங்கிலம் இதே வேறுபாட்டை அழுத்தத்தாலோ பிளவு வாக்கியத்தாலோ உணர்த்த வேண்டியிருக்க, தமிழ் ஓர் உயிரெழுத்தை இடம் மாற்றி வைத்து முடித்துவிடுகிறது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. ஆகாரம் வினைமுற்றில் ஏறும்போது, அது கேட்போர் செவிக்கு வாக்கியத்தின் கடைசி ஒலியாகவே வந்து சேர்கிறது. ஆங்கில வினாவில் முதற்சொல்லே இது வினா என்று அறிவித்துவிடும். தமிழிலோ 'குமார் நேற்று மதுரைக்குப் போனான்' என்பது வரையிலும் அது கூற்றாகவும் இருக்கலாம், வினாவாகவும் இருக்கலாம். அப்படியானால் தமிழர் உரையாடலில் விடைகள் தாமதமாகவே வர வேண்டும் அல்லவா என்ற ஐயம் எழுவது இயல்பு.

இந்த ஐயத்துக்கு நேரடியாகத் தமிழில் அளந்த விடை இல்லாவிட்டாலும், நெருங்கிய சான்று ஒன்று உண்டு. டான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களில் ஆம்–இல்லை வினா முடிவதற்கும் விடை தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தது. டேனிஷ், டச்சு, இத்தாலியம், ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், லாவோ ஆகியவற்றோடு மெக்சிகோ, நமீபியா, பப்புவா நியூ கினி ஆகிய நாடுகளின் சிறு சமூகங்களின் மொழிகளும் அதில் இருந்தன. திராவிட மொழி எதுவும் இல்லை. எல்லா மொழிகளையும் சேர்த்த சராசரி இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக நீண்ட இடைவெளி டேனிஷ் மொழியில் 469 மில்லி நொடி. மிகக் குறுகியது ஜப்பானியத்தில் வெறும் 7 மில்லி நொடி. ஜப்பானியமும் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைத்து, அதன் பின்னே 'கா' என்னும் வினாவுருபைச் சேர்க்கும் மொழி. வினாவின் அடையாளம் கடைசியில் வருவது விடையைத் தாமதப்படுத்தும் என்றால், அந்தப் பட்டியலில் மிகுந்த வேகம் காட்டிய மொழி ஜப்பானியமாக இருந்திருக்க முடியாது.

200 மில்லி நொடி என்பதன் வியப்பு, படத்தில் உள்ள ஒரு பொருளின் பெயரைச் சொல்ல மனித மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லி நொடி வேண்டும் என்ற செய்தியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாயசைக்கவே அவ்வளவு நேரம் தேவை என்றால், வினா முடிந்த பிறகு விடையைத் தேடத் தொடங்குவோர் எவரும் இவ்வளவு விரைவில் பேசவே முடியாது. ஆகவே கேட்போர் வினா ஓடிக்கொண்டிருக்கும்போதே விடையை ஆயத்தம் செய்கிறார் என்று கொள்வதைத் தவிர வழியில்லை. நெதர்லாந்தின் நெய்மேகனில் சாரா போகல்ஸ், லில்லா மாக்யாரி, ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. வினாடி வினா நிகழ்ச்சியில் கேட்பவை போன்ற வினாக்களில், விடையை ஊகிக்கத் தேவையான சொல் நடுவிலேயே வந்துவிட்டால், அந்தச் சொல் வந்த அரை நொடிக்குள் விடையைத் திட்டமிடும் அறிகுறிகள் மூளையில் தோன்றின. வினா இன்னும் முடிந்திருக்கவில்லை.

வினாவுருபு செவியில் விழுவதற்கு முன்பே இது வினா என்று கேட்போர்க்கு எப்படித் தெரிகிறது? குரலும் பார்வையும் துணைசெய்கின்றன என்பது உண்மையே. ஆனால் அவற்றினும் வலுவான குறிப்பு ஒன்றை வில்லியம் லபோவும் டேவிட் ஃபான்ஷெலும் 1977இல் எடுத்துக்காட்டினர். எந்தச் செய்தி யாருடைய உரிமை என்பதே அது. ஒருவரின் வயிற்றுவலி அவருக்கே நன்கு தெரிந்த செய்தி. அதைப் பற்றி இன்னொருவர் வாயெடுத்தாலே அது வினாவாகத்தான் இருக்க முடியும். 'இராத்திரி முழுவதும் வயிறு வலித்தது' என்று மருத்துவர் நோயாளியைப் பார்த்து, ஆகாரம் இல்லாமலே, சொன்னால்கூட நோயாளி 'ஆமாம்' என்று விடை சொல்வார். யாருக்கு எது தெரியும் என்ற கணக்கை மனம் ஓயாமல் வைத்துக்கொண்டே இருப்பதால், ஆகாரம் வந்து சேரும்போது அது செய்தியாக அன்றி முன்பே எதிர்பார்த்த முத்திரையாகவே விழுகிறது.

விடையின் பக்கம் வந்தால், 'ஆம்–இல்லை வினா' என்ற பெயரே தமிழுக்கு முழுவதும் பொருந்தாது என்பது தெரியவரும். 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்பதே தமிழில் மிக இயல்பான விடை. 'தெரியுமா?' என்றால் தெரியும் அல்லது தெரியாது, 'முடியுமா?' என்றால் முடியும் அல்லது முடியாது, 'போதுமா?' என்றால் போதும் அல்லது போதாது; 'வேண்டுமா?' என்றால் வேண்டும் அல்லது வேண்டாம், 'வரலாமா?' என்றால் வரலாம் அல்லது வரக்கூடாது. 'தெரியுமா?' என்பதற்கு 'இல்லை' என்று மட்டும் சொல்வது காதுக்கு உறுத்துகிறது. மறுப்பு ஒவ்வொரு வினைக்கும் தனித்தனி வடிவம் கொண்டிருப்பதால், தமிழில் கேட்போர் பொதுவான இரண்டு வில்லைகளுள் ஒன்றை எடுத்து நீட்டுவதில்லை. வினவியவர் ஆண்ட வினையையே மனத்தில் பிடித்துவைத்து, அதன் காலத்தை அப்படியே வைத்து, வேண்டியபோது இடத்தை மட்டும் தன்மைக்கு மாற்றி, உடன்பாடாகவோ எதிர்மறையாகவோ திருப்பித் தருகிறார். 'ஆம்' என்பதுகூட 'ஆகும்' என்னும் வினைமுற்று தேய்ந்து நின்ற வடிவமே. இவ்வாறு வினையைத் திருப்பிச் சொல்வது சுற்றுவழி போலத் தோன்றினாலும் அதுவே தெளிவான வழி என்று சொல்ல வேண்டும், ஏனெனில் எதற்கு உடன்பட்டார், எதை மறுத்தார் என்ற ஐயத்துக்கு அது இடம் வைப்பதில்லை.

அந்த ஐயம் எவ்வளவு கடுமையானது என்பது எதிர்மறை வினாவில் வெளிப்படும். 'குமார் வரவில்லையா?' என்று வினவப்பட, குமார் உண்மையிலேயே வராதிருந்தால், தமிழில் 'ஆமாம், வரவில்லை' என்றும் சொல்லலாம், 'இல்லை, வரவில்லை' என்றும் சொல்லலாம். முதலாவது வினவியவரின் கருத்தோடு உடன்படுகிறது. இரண்டாவது நிகழ்ச்சியின் இன்மையைச் சொல்கிறது. மொழியியலார் இவற்றை இரண்டு முறைமைகளாகப் பிரிப்பர்: விடைச்சொல் வினவியவரின் கூற்றுக்கு இசைவைக் காட்டும் முறை, விடைச்சொல் நிகழ்ச்சி உண்டா இல்லையா என்பதைக் காட்டும் முறை. ஜப்பானியம் பெரும்பாலும் முதலாவதைப் பின்பற்றுகிறது. ஆங்கிலம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. எதிர்மறையை மறுத்துப் பேசுவதற்கென்றே ஜெர்மன் 'டோக்' என்றும் பிரெஞ்சு 'சி' என்றும் தனிச்சொல் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நான்கு விடைச்சொற்கள் இருந்தன. உடன்பாட்டு வினாவுக்கு 'யே', 'நே', எதிர்மறை வினாவுக்கு 'யெஸ்', 'நோ' என்ற அந்த வேறுபாட்டை விவிலியத்தை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் பிழைபடக் கையாண்டார் என்று 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் கடிந்துகொண்ட அளவுக்கு அது உயிரோடு இருந்தது.

தமிழில் இரண்டு முறையும் கலந்து வழங்குவதால், எதிர்மறை வினாவுக்கு ஒற்றைச் சொல்லால் வரும் விடை எப்போதும் அரைகுறையே. 'காய்ச்சல் இல்லையா?' என்பதற்கு 'ஆமாம்' என்று மட்டும் வந்தால் காய்ச்சல் உண்டா இல்லையா என்பதைக் குரலும் சூழலும்தான் சொல்ல வேண்டும். தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் உரையாடும்போது, 'உங்களுக்குக் காய்ச்சல் இல்லையா?' என்ற பொருளுள்ள ஆங்கில வினாவுக்கு 'ஆமாம், இல்லை' என்ற எண்ணத்தில் 'யெஸ்' என்று சொல்லிவிட, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர் அதைக் காய்ச்சல் இருப்பதாக எடுத்துக்கொள்வதும் நேர்வதுண்டு. இருவரில் எவரும் பிழை செய்யவில்லை. மனத்தில் ஓடிய கணக்குகள்தாம் வேறு.

எதிர்மறை வினாவிலும் உட்பிரிவு உண்டு. ராபர்ட் லாட் 1981இல் காட்டியபடி, எதிர்மறை சில வேளை வினாவின் பொருளுக்குள் நிற்கிறது, சில வேளை அதற்கு வெளியே நிற்கிறது. 'பக்கத்தில் நல்ல உணவகம் இல்லையா?' என்பதை, இல்லைபோலும் என்ற ஏமாற்றத்தோடும் கேட்கலாம், அங்கே ஒன்று இருந்ததே என்ற நினைவோடும் கேட்கலாம். முதலாவதில் 'இல்லை' என்பது ஆராயப்படும் கூற்றின் பகுதி. இரண்டாவதில் இருக்கிறது என்ற நம்பிக்கையை உறுதிப்படுத்தக் கோரும் கருவி. தமிழ் இவற்றைப் பிரித்துக்காட்ட இன்னும் நுண்ணிய இடைச்சொற்களை வைத்திருக்கிறது. 'வருவாய்தானே?' என்பது விடையை முன்பே கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறது, 'வர மாட்டாயே?' என்பது எதிர்த்திசையில் அதையே செய்கிறது. வெறும் 'வருவாயா?' இவற்றின் நடுவில் நிற்கிறது, அதுவும் சற்றே உடன்பாட்டின் பக்கம் சாய்ந்து.

எதிர்மறையைச் செயலாக்க மனம் கூடுதல் நேரம் எடுக்கிறது என்பது வினாக்களில் அன்றிக் கூற்றுகளில் முதலில் அளக்கப்பட்டது. ஹெர்பர்ட் கிளார்க்கும் வில்லியம் சேஸும் 1972இல் வெளியிட்ட சோதனையில், நட்சத்திரமும் கூட்டல் குறியும் மேலும் கீழுமாக வரையப்பட்ட படத்தோடு ஒரு வாக்கியத்தை ஒப்பிட்டு மெய்யா பொய்யா என்று சொல்ல வேண்டும். மெய்யான உடன்பாட்டு வாக்கியத்துக்கு விடை மிக விரைவாக வந்தது. பொய்யான உடன்பாடு அதற்கு அடுத்தது. எதிர்மறைகள் இரண்டும் அவற்றினும் தாமதம். எதிர்மறைகளுள்ளும் மெய்யானதே மிகுந்த தாமதம் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. 'நட்சத்திரம் மேலே இல்லை' என்பதைப் புரிந்துகொள்ள மனம் முதலில் மேலே நட்சத்திரத்தை வைத்துப் பார்க்கிறது, பிறகு அதை விலக்குகிறது, பிறகே படத்தோடு ஒப்பிடுகிறது என்று கொண்டால் இந்த வரிசை விளங்கும்.

இதுவரை சொன்னது வினாவின் வடிவம் பற்றியது. வடிவத்தைப் புரிந்துகொண்ட பின்னும், இவர் ஏன் கேட்கிறார் என்ற கேள்வி கேட்போரிடம் எஞ்சியிருக்கிறது. பேருந்தில் 'கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறீர்களா?' என்று வினவப்பட்டவர் விடை சொல்வதில்லை, நகர்கிறார். மளிகைக் கடையில் 'சர்க்கரை இருக்கிறதா?' என்பதற்குக் கடைக்காரர் 'எத்தனை கிலோ?' என்கிறார். கிளார்க் 1979இல் கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, கடை அடைக்கும் நேரத்தைச் சொல்ல முடியுமா என்று வினவவைத்து ஆராய்ந்தபோதும், 'முடியும்' என்ற நேர்விடையைச் சிலர் சேர்த்துச் சொல்ல, சிலர் அதைத் தாண்டி நேரத்தை மட்டும் சொல்வதைக் கண்டார். இவ்வகை வினாக்களை 13ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூலில் முன்பே தனியே பெயரிட்டு வைத்திருக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்ற அவருடைய ஆறும் வினாவின் வடிவத்தால் பிரிக்கப்பட்டவை அல்ல, வினவுவோரின் நோக்கத்தால் பிரிக்கப்பட்டவை. சர்க்கரை வாங்க வந்தவர் கேட்டது பெற்றுக்கொள்ளும் பொருட்டு எழுந்த கொளல்வினா. பேருந்தில் எழுந்தது ஏவல்வினா. ஆசிரியர் தமக்குத் தெரிந்ததையே மாணவரிடம் கேட்பது அறிவினா. கேட்போர் இந்த நோக்கத்தைத் தவறாகப் பிரித்தால், சொன்ன விடை மெய்யாக இருந்தும் பயனற்றுப் போகும்.

நன்னூலின் எட்டு விடைகள் இன்னும் உற்றுநோக்கத்தக்கவை. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் குறிப்பால் அப்பொருளைத் தருவதால் ஏற்கப்படுபவை. இவற்றுள் சுட்டு ஒன்றை விலக்கினால், ஏனைய ஏழும் ஆம்–இல்லை வினாவுக்கு ஏற்றவையே. 'நாளைக்குக் கடைக்குப் போகிறாயா?' என்றால் 'நீயே போ' என்பது ஏவல், 'போகாமல் இருப்பேனா?' என்பது வினாதல், 'கால் வீங்கியிருக்கிறது' என்பது உற்றது உரைத்தல், 'வெயிலில் போனால் தலை வலிக்கும்' என்பது உறுவது கூறல். 'உனக்கு நீச்சல் தெரியுமா?' என்பதற்கு 'சைக்கிள் ஓட்டத் தெரியும்' என்பது இனமொழி. கால் வீக்கத்துக்கும் கடைக்குப் போவதற்கும் இடையிலுள்ள பாலத்தை இப்போது வினவியவர்தாம் கட்டிக்கொள்ள வேண்டும். கேட்போர் என்ற பாத்திரம் அவருக்கு மாறிவிடுகிறது. பால் கிரைஸ் 1975இல் உரையாடற் குறிப்புப்பொருள் என்று விளக்கிய நிகழ்வு இதுவே. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லாத விடைகளையும் விடை என்று ஏற்று வகைப்படுத்திய இலக்கணம் மனத்தின் போக்கை நெருங்கி அறிந்த இலக்கணம் என்பதில் ஐயமில்லை.

வினாவின் சாய்வு விடையை மட்டுமன்றி நினைவையும் வளைக்கும் என்று காட்டிய சோதனை, எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்டது. கார்கள் மோதும் படத்துண்டைப் பார்த்த 150 மாணவர்களுள் 50 பேரிடம் கார்கள் 'நொறுங்க மோதியபோது' இருந்த வேகம் என்ன என்றும், வேறு 50 பேரிடம் 'இடித்தபோது' இருந்த வேகம் என்ன என்றும் வினவப்பட்டது; மீதி 50 பேரிடம் வேகம் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும் 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்ற ஆம்–இல்லை வினா வைக்கப்பட்டது. முதற்குழுவில் 16 பேர், இரண்டாம் குழுவில் 7 பேர், மூன்றாம் குழுவில் 6 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், விடையைத் தன்னுள்ளேயே சுட்டிக்காட்டும் வினாவை, எதிர்த்தரப்பு மறுப்புத் தெரிவித்தால் நீதிமன்ற அனுமதியின்றி முதல் விசாரணையில் கேட்கலாகாது என்று தடுத்து, குறுக்கு விசாரணைக்கு மட்டும் விட்டுவைத்தது இந்த உளவியல் உண்மையை முன்னுணர்ந்தது போன்றது.

மருத்துவமனைச் சான்று இதனினும் அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானது. ஜான் ஹெரிடேஜும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 20 மருத்துவர்கள் நோயாளிகளிடம் வேறு குறை உண்டா என்று வினவும்போது, ஆங்கிலத்தில் உடன்பாட்டை எதிர்நோக்கும் 'சம்திங்' என்ற சொல்லை ஒரு பாதியினரும், மறுப்பை எதிர்நோக்கும் 'எனிதிங்' என்ற சொல்லை மறு பாதியினரும் ஆண்டனர். முதலாவதற்கு 90 விழுக்காட்டு நோயாளிகள் உண்டு என்றனர்; இரண்டாவதற்கு உண்டு என்றவர்கள் 53 விழுக்காடே. பல குறைகளோடு வந்தும் அவற்றைச் சொல்லாமலே திரும்புவது, முதல் வகை வினாவால் 78 விழுக்காடு குறைந்தது.

தமிழில் இதற்கு இணையான இரண்டு வினாக்கள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அன்றாடம் ஒலிக்கின்றன. 'வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?' என்பது ஒன்று. 'வேறு ஒன்றும் இல்லையே?' என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கேட்ட நோயாளி, நெஞ்சில் இருந்த வலியைச் சொல்ல வேண்டுமானால் மருத்துவரை மறுத்துப் பேச வேண்டும்; வரிசையில் பலர் காத்திருக்க, எழுந்து நின்றபடியே அதைச் செய்யப் பெரும்பாலோர்க்கு மனம் வராது, 'இல்லீங்க' என்று சொல்லிவிட்டு வெளியேறுவர். நோயாளிகளிடமும் சாட்சிகளிடமும் மாணவர்களிடமும் வீடு வீடாகக் கணக்கெடுக்கும்போது குடும்பத்தாரிடமும் வினவுவதையே தொழிலாகக் கொண்டோர், அந்த 'இல்லையே'யைத் தம் வினாக்களிலிருந்து எடுத்துவிட வேண்டும்.